உப்புநீர்த் தொட்டியும் நுரைநீக்கியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா என்றால் இலக்கியம் பேசுதல் வழக்கம். காலை முதல் சிலம்பையும் குறளையும் பற்றிச் சான்றோர் பலர் பேசக் கேட்டு மகிழ்ந்தோம். அவற்றுக்கு நடுவே மீன்தொட்டியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. நம் படிப்பகத்தின் சுவரை ஒட்டி ஓராண்டாக ஓர் உப்புநீர்த் தொட்டி இருந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். மாலைதோறும் குடியிருப்புச் சிறுவர் அதன்முன் கூடுகின்றனர். அவர்கள் கேட்கும் கேள்விகளுள் பாதி மீன்களைப் பற்றியன. மறுபாதி, தொட்டியின் அடியிலுள்ள அலமாரியைத் திறந்தால் தெரியும் ஒரு குழாயைப் பற்றியன. “அதில் ஏன் எந்நேரமும் பால் பொங்குவது போலப் பொங்குகிறது? அதன் தலையில் இருக்கும் கிண்ணத்தில் காப்பி நிறத்தில் சேர்வது என்ன?” என்று கேட்கின்றனர். வீட்டில் இத்தகைய தொட்டி வைக்க விரும்பும் பெற்றோர் சிலரும் அதையே கேட்கின்றனர். அவர்கள் அனைவர்க்கும் ஒருங்கே விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

விஜயபுரத்தில் கடல் இல்லை. சித்தூர் மாவட்டத்துக்கே கடற்கரை இல்லை. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் மாவட்டங்களைப் பிரித்து அமைத்தபோது, நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தன. அதனால் திருப்பதியார்க்குக் கடற்கரை கிடைத்தது. நமக்கு மலையும் மாந்தோப்பும் கரும்புக் கொல்லையுமே எஞ்சின. நம்முள் கடலோர ஊர்களிலிருந்து பிழைப்பை நாடி இங்கு வந்து குடியேறியோர் உளர். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் நெய்தல் நிலத்தைப் பாட்டிலே படிக்கின்றனர்; உப்புநீரில் உயிர் வாழும் ஒரு மீனை நேரிற் கண்டவர் அவர்களுள் மிகச் சிலரே. அக்குறையைச் சிறிதேனும் போக்கலாம் என்றே இத்தொட்டியை அமைக்கத் துணிந்தோம்.

கடல் உயிர்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டும் முயற்சி புதியதன்று. 1853-ஆம் ஆண்டிலேயே இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்கள் காணும் மீன்காட்சி இல்லம் திறக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் ஆண்டில் ஒரு மீன்காட்சி சாலை தோன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. கடலருகே இருப்போர்க்கு ஒரு வசதி உண்டு. தொட்டியின் நீர் கெட்டால் அதைக் கொட்டிவிட்டுப் புதுநீர் முகந்து கொள்ளலாம். உள்நாட்டில் இருப்போர்க்கு அது இயலாது. நாம் செய்துகொண்ட உப்புநீரையே நெடுநாள் காத்து ஆளவேண்டும். அங்கேதான் நுரைநீக்கியின் தேவை பிறக்கிறது.

அதனை மீன் வளர்ப்போர் ‘புரோட்டீன் ஸ்கிம்மர்’ என்று வழங்குவர். கடையில் வாங்குங்கால் அப்பெயரையே கூறல் வேண்டும். இவ்வுரையில் நாம் அதனை நுரைநீக்கி என்போம். காற்றுக்கல்லால் குமிழி எழுப்பி, எதிர்த்திசையில் நீரைச் செலுத்தி இயங்கும் நுரைநீக்கிகளை 1960-களில் ஜெர்மனியில் எர்வின் சாண்டர் என்பார் உருவாக்கி மீன் வளர்ப்போரிடையே பரவச் செய்தார். இன்று கிடைப்பன பெரும்பாலும் சிறு பம்பு ஒன்றினால் இயங்குவன. பம்பின் சுழலியில் ஊசி ஊசியாகப் பல முனைகள் இருக்கும். அவை உள்ளே இழுக்கப்படும் காற்றை நறுக்கிப் பொடிக் குமிழிகளாக்கும்.

இதன் தத்துவத்தை விளக்க நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. நம் மாவட்டத்து வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குச் சென்றாலே போதும். கொப்பரையில் கருப்பஞ்சாறு சூடேறுங்கால் அழுக்கெல்லாம் நுரையோடு திரண்டு மேலே மிதக்கும். வெண்டைத் தண்டை நசுக்கி எடுத்த வழவழப்பான சாற்றைச் சிலர் அதில் ஊற்றுவர். அழுக்கு இன்னும் நன்றாகத் திரளும். அனுபவம் உடையவர் பக்கத்தில் நின்று அதை வடிகரண்டியால் அள்ளி எறிவர். அழுக்கை உரிய நேரத்தில் அள்ளாவிட்டால் அது சாற்றோடு கலந்து வெல்லம் கறுத்துப் போகும். தாய்மார்கள் பருப்பு வேகும்போது மேலெழும் நுரையை எடுப்பதும் இதே கருத்தில்தான். நுரைநீக்கி நெருப்பில்லாமல், காற்றைக் கொண்டு இவ்வேலையைச் செய்கிறது.

தொட்டியில் மீன் தின்னும் இரையின் மிச்சம், அதன் கழிவு, அதன் உடலிலிருந்து கசியும் வழவழப்பு ஆகியவை நீரில் கரைகின்றன. அவற்றுள் பல பொருள்களின் நுண்கூறுகளுக்கு இரு முனைகள் உண்டு. ஒரு முனை நீரை விரும்பும். மறு முனை நீரை வெறுக்கும். காற்றுக்குமிழி ஒன்று அருகே வந்தால், நீரை வெறுக்கும் முனை குமிழியின் காற்றுக்குள்ளே தலையை நீட்டிக்கொள்ளும்; நீரை விரும்பும் முனை வெளியே நிற்கும். இவ்வாறு குமிழியின் புறமெங்கும் அழுக்கு ஒட்டிக்கொண்டு மேலே ஏறும். மேலே குழாயின் கழுத்து குறுகியிருப்பதால் குமிழிகள் நெருங்கி நுரையாகும். அந்நுரையிலிருந்து நீர் கீழே வடிய, அழுக்கு செறிந்து கிண்ணத்தில் வழியும்.

குமிழி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நன்று. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் காற்றை ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாக்கினால் அவற்றின் மொத்தப் புறப்பரப்பு 0.6 சதுர மீட்டர். அதே காற்றை அரை மில்லிமீட்டர்க் குமிழிகளாக்கினால் 12 சதுர மீட்டர். முன்னது ஒரு சிறு மேசையின் அளவு. பின்னது ஓர் அறையின் தரையளவு. அழுக்கு ஒட்டுதற்குரிய இடம் இருபது மடங்கு பெருகிவிடுகிறது.

“எங்கள் வீட்டு நன்னீர்த் தொட்டியில் இதை வைக்கலாமா?” என்று ஒருவர் கேட்டார். பயன் மிகக் குறைவு. நன்னீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று கூடிப் பெருங்குமிழிகளாகி விரைந்து மேலேறி உடைந்துவிடும். கடல்நீரிலுள்ள உப்புகள் அவ்வாறு கூடுவதைத் தடுக்கின்றன. கடல் அலை நெடுநேரம் வெண்ணுரையாய் நிற்பதும், ஏரி அலை உடனே அடங்கிவிடுவதும் இதனால்தான்.

இனி, இக்கருவி செய்வதையும் செய்யாததையும் பிரித்தறிதல் வேண்டும். கழிவு அழுகினால் அம்மோனியா என்னும் நஞ்சு பிறக்கும். பாறையிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும். நுரைநீக்கி, கழிவு அழுகுமுன்பே அதில் ஒரு பங்கை அள்ளி வெளியேற்றிவிடுகிறது. நீரில் ஏற்கெனவே பிறந்துவிட்ட அம்மோனியாவையோ நைட்ரேட்டையோ அதனால் எடுக்க இயலாது. 2009-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் அறிஞர் செய்த அளவீடுகளில், பலவகை நுரைநீக்கிகளும் நீரிலுள்ள கரிமப் பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை என்று தெரியவந்தது. ஆகவே நுரைநீக்கி இருக்கிறது என்று மீன்களை அளவின்றிச் சேர்த்தலும், இரையை அள்ளிக் கொட்டலும், நீர் மாற்றாதிருத்தலும் தகா. ஆயினும் இதனால் மற்றொரு நன்மை உண்டு. இவ்வளவு காற்று நீரோடு கலப்பதால் மீனுக்கு உயிர்வளி பெருகுகிறது. வெப்பமான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். நம் ஊர்க் கோடையை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

தொட்டி அமைத்த வகையைச் சுருக்கமாகக் கூறுவோம். எம் தொட்டி மூன்றடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உடையது. ஏறக்குறைய 190 லிட்டர் கொள்ளும். அதன் கீழே அலமாரிக்குள் ஒரு சிறு கீழ்த்தொட்டி உண்டு. மேல்தொட்டியின் நீர் வழிந்து கீழே வந்து, தூய்மை பெற்று, பம்பினால் மீண்டும் மேலே செல்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கடல் உப்புக்கலவை சேர்த்து நீரைச் செய்தோம். சமையல் உப்பைப் போட்டால் ஆகாதா என்று சிலர் வினவினர். ஆகாது. உப்பளத்தில் உப்பு விளையும்போது மக்னீசியம் முதலிய பல பொருள்கள் எஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. நம் அடுக்களைக்கு வருவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு ஒன்றே. அது கடல்நீர் ஆகாது.

நுரைநீக்கியைப் பொருத்தும் முறையைக் கூறுவோம்.

முதலாவதாக, புதிய கருவியை நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துக் கழுவுக. தொழிற்சாலையின் எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும். எண்ணெய் நுரைக்குப் பகை. சோப்பு அறவே கூடாது.

இரண்டாவதாக, கருவி நிற்கும் அறையில் நீர் எப்போதும் ஒரே உயரத்தில் இருத்தல் வேண்டும். இஃது எல்லாவற்றினும் தலையாயது. ஒவ்வொரு கருவிக்கும் இன்ன உயரத்து நீரில் நிற்க வேண்டும் என்று செய்தவர் குறித்திருப்பர். எம்முடையது 18 சென்டிமீட்டர் நீரில் நிற்பது. கீழ்த்தொட்டிக்குள் ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்தால் அவ்வறையின் நீர்மட்டம் மாறாது. ஆழம் மிகுந்தால் கருவியின் அடியில் ஒரு பீடம் இடுக. நீர்மட்டம் ஒரு விரற்கடை ஏறினாலும் நுரை பொங்கி வழியும். ஒரு விரற்கடை இறங்கினாலும் நுரை கழுத்துக்கே எட்டாது.

மூன்றாவதாக, நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆதலால் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே சேர்த்தல் வேண்டும். இதைத் தானே செய்யும் கருவிகள் உண்டு. அவற்றால் விளையும் இடரைப் பின்னர்க் கூறுவோம்.

நான்காவதாக, மின்கம்பி சுவரிலுள்ள பிளக்கை விடக் கீழே தொங்கி வளைந்து பின் மேலேறுமாறு அமைக்க. கம்பி வழியே வழியும் நீர் வளைவில் சொட்டிவிடும்; பிளக்கை எட்டாது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் தானே துண்டிக்கும் காப்புச் சுவிட்சும் கட்டாயம் வேண்டும். உப்புநீரும் மின்சாரமும் ஓரிடத்தில் கூடும்போது விளையாட்டுக்கு இடமில்லை.

இனிச் சீராக்கும் முறை. நுரைநீக்கியின் வெளியேற்றுக் குழாயில் ஒரு திருகு இருக்கும். அதை முழுதும் திறந்து வைத்துக் கருவியை ஓட விடுக. உள்ளே நீர்மட்டம் தாழ்ந்தே நிற்கும். முதல் சில நாட்கள், ஒரு கிழமை கூட, கருவி தன் போக்கில் ஓடட்டும். குமிழி பெரிதும் சிறிதுமாய்த் தாறுமாறாக இருக்கும். பொடிக் குமிழிகள் தொட்டிக்குள்ளும் தப்பிச் செல்லும். உட்புறத்தில் மெல்லிய பசைப்படலம் படிந்தபின் அவை அடங்கும். அதன்பின் திருகை மிகச் சிறிது மூடுக. கடிகார முள் ஐந்து நிமிடத்தில் கடக்கும் தொலைவே போதும். உள்ளே நீர்மட்டம் சற்று உயரும். குமிழி நிறைந்த நீர் முடிந்து நுரை தொடங்கும் எல்லை, கிண்ணத்தின் கழுத்தடிக்கு வந்து நிற்குமாறு செய்தல் வேண்டும். ஒரு முறை திருகியபின் ஒரு முழு நாள் காத்திருக்க. மறுநாள் கிண்ணத்தைப் பார்த்த பின்னரே அடுத்த திருகல்.

கிண்ணத்தில் சேர்வது இளந்தேநீர் நிறத்தில் மிகுதியாக இருந்தால் நுரை ஈரமாக இருக்கிறது என்று பொருள்; கருவி அழுக்கோடு நல்ல நீரையும் சேர்த்து அள்ளுகிறது. கருங்குழம்பாகச் சிறிதே சேர்ந்தால் நுரை உலர்ந்திருக்கிறது. அழுக்கில் ஒரு பங்கு கழுத்திலேயே ஒட்டி நின்றுவிடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட காப்பி நிறத்தையே யாம் விரும்புகிறோம். மீன் மிகுந்த தொட்டியில் சற்று ஈரமாக வைத்தலே நலம். இரை போட்டவுடன் நுரை அடங்கிவிடுவதைக் கண்டு அஞ்ச வேண்டா. இரையிலுள்ள கொழுப்பு நுரையை உடைக்கிறது. சில மணி நேரத்தில் மீளும். எண்ணெய் தடவிய கையைத் தொட்டியில் விட்டாலும் அப்படியே. மாறாக, புதிதாகக் கலந்த உப்புநீரைச் சேர்த்தாலும், குழாய்நீரைப் பதப்படுத்தும் சில மருந்துகளைச் சேர்த்தாலும் நுரை வெறிகொண்டு பொங்கும்.

இவ்விடத்தில் யாம் செய்த பிழை ஒன்றை மறையாது கூறுதல் கடமையாகும்.

தொட்டியில் நீர் நிரப்பி, நுண்ணுயிர் பெருகுவதற்கு ஆறு கிழமை காத்திருந்து, பின்னர் இரண்டு கோமாளி மீன்களையும், மீன்களின் மேல் ஏறி ஒட்டுண்ணிகளைத் தின்று தூய்மை செய்யும் செந்நிற இறால் ஒன்றையும் விட்டோம். சிறுவர் அவ்விறாலுக்கு ‘நாவிதர்’ என்று பெயர் சூட்டினர். தொட்டிக்குள் கை விட்டால் அஃது ஓடிவந்து நகத்தைச் சுரண்டும். ஒரு கிழமை சென்றது. கிண்ணத்தில் ஒரு துளியும் சேரவில்லை. செயலாளர் பார்த்தார், பொருளாளர் பார்த்தார், இவ்வளவு விலை கொடுத்து வாங்கியது வேலை செய்யவில்லையே என்று முணுமுணுத்தார். இரண்டு சிறு மீன்கள் உள்ள தொட்டியில் எடுக்க வேண்டிய அழுக்கே இல்லை என்பதை யாம் எண்ணவில்லை. வெறுங் கிண்ணத்தைக் கண்டு வெட்கினோம்.

அன்று மாலை இருபது லிட்டர் புதிய உப்புநீர் மாற்றியிருந்தோம். செயற்குழுக் கூட்டம் முடிந்து இரவு ஒன்பது மணிக்குப் புறப்படுகையில், எம்முள் ஒருவர் திருகை அரைச்சுற்று மூடிவிட்டு, ‘நாளைக் காலையில் கிண்ணம் நிறைந்திருக்கும்’ என்றார். ஒருவரும் தடுக்கவில்லை. ஆகவே அப்பிழை எம் அனைவரது பிழை.

கிண்ணம் காலை வரை காத்திருக்கவில்லை. இரவில் நிறைந்து, வழிந்து, தரையில் ஓடியது. கீழ்த்தொட்டியில் நீர் குறையவே, தானே நன்னீர் சேர்க்கும் கருவி தன் கடமையைச் செய்தது. ஆவியான நீருக்கு ஈடு செய்வதாக எண்ணி, பக்கத்துக் கலத்திலிருந்த 30 லிட்டர் நன்னீரையும் உள்ளே ஊற்றிவிட்டது. வழிந்தது உப்புநீர், சேர்ந்தது நன்னீர். காலையில் படிப்பகத்தைத் திறந்தபோது தரையெங்கும் நீர். நீரின் ஒப்படர்த்தியை அளந்தோம். 1.025 இருந்தது 1.022 ஆகிவிட்டது. இச்சிறு வேறுபாட்டை மீன்கள் தாங்கின. இறால் முதலிய முதுகெலும்பற்ற உயிர்கள் உப்பளவின் திடீர் மாற்றத்தைத் தாங்கா. ‘நாவிதர்’ பாறையடியில் ஒருக்களித்துக் கிடந்தார்.

மாலையில் பிள்ளைகள் வந்தனர். அவர்களுள் ஒரு சிறுமி, “அதைக் கொன்றது யார்?” என்று நேரே கேட்டாள். நீர் கெட்டுவிட்டது என்றும், கருவி பழுது என்றும் சொல்லிவிட்டிருக்கலாம். யாம் அவ்வாறு சொல்லவில்லை. “எங்கள் அவசரம், அம்மா” என்றோம். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கிண்ணத்தைக் கழற்றி அவளிடமே காட்டி, நடந்ததை முறையாக விளக்கினோம். அன்றிலிருந்து தொட்டிக்கு ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறோம். அதை எழுதுபவள் அச்சிறுமியே. நாளும், நீரின் வெப்பமும், ஒப்படர்த்தியும், கிண்ணத்தில் சேர்ந்த அளவும் நிறமும் அதில் இருக்கும். திருகைத் தொட்டவர் பெயரும் இருக்கும்.

அந்நிகழ்ச்சியால் யாம் வகுத்துக்கொண்ட விதிகள் ஐந்து. ஒரே நாளில் இரு மாற்றம் செய்யற்க. இரவில் திருகைத் தொடற்க; மாற்றம் செய்வதாயின் காலையில் செய்து பகலெல்லாம் கண்காணிக்க. தானே நிரப்பும் நன்னீர்க் கலத்தில் ஐந்து லிட்டருக்கு மேல் வைக்கற்க. பிழை நேர்ந்தாலும் கேடு சிறிதாகவே இருக்கும். நீர் மாற்றும் நாளில் நுரைநீக்கியை நிறுத்தி வைத்து, மறுநாள் திருகைத் திறந்த நிலையில் தொடங்குக. கிண்ணம் வெறுமையாக இருப்பதைக் குற்றமாகக் கருதற்க.

பேணும் முறையும் எளிதே. கிண்ணத்தையும் கழுத்தையும் மூன்று நாளுக்கொரு முறை வெறுநீரில் கழுவுக. கழுத்தில் பசை படிந்தால் நுரை வழுக்கி விழும்; திருகைத் திருகுவதற்கு முன் கழுத்தைத் துடைத்துப் பார்த்தாலே பெரும்பாலும் குறை தீரும். காற்றுக்குழாயின் வாயில் உப்புப் பூத்து அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு முறை வெந்நீர் ஊற்றினால் கரைந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பம்பைக் கழற்றி, நீர் கலந்த வினிகரில் ஊறவைத்துச் சுண்ணப் படிவை நீக்குக. மீனுக்கு மருந்து இடுங்கால் கிண்ணத்தை எடுத்துவிடுக; இன்றேல் மருந்தும் நுரையோடு வெளியேறக்கூடும். மின்தடை நேர்ந்தால் மேல்தொட்டி நீரில் ஒரு பகுதி கீழே இறங்கும். அதைக் கொள்ளும் இடம் கீழ்த்தொட்டியில் வெறுமையாக இருத்தல் வேண்டும். நெடுநேரத் தடைக்கெனப் பேட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வைத்துக்கொள்க.

இறுதியாக ஒன்று. வீட்டில் தொட்டி வைக்க விரும்புவோர், இராமேசுவரம் செல்லும்போது ஒரு துண்டு பவளம் எடுத்து வரலாமே என்று எண்ணக்கூடும். அது பெரும்பிழை, சட்டப்படி குற்றமுமாகும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 2001-ஆம் ஆண்டு முதல் கற்பவளங்களும் கடற்குதிரைகளும் காக்கப்பட்டு வருகின்றன. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986-ஆம் ஆண்டிலேயே கடல்சார் தேசியப் பூங்காவாயின. நம் தொட்டியில் இருப்பவை சுட்ட களிமண்ணால் செய்த பாறைகள். நுண்ணுயிர் வாழ அவை போதும்.

மீன்களையும் ஆராய்ந்தே தேர்ந்தோம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பல்லாண்டு மண்டபத்தில் இருந்த அதன் தலைமையிடம் 1971-இல் கொச்சிக்கு மாறியது. மண்டபத்தில் அதன் மையம் இன்றும் இயங்குகிறது. அங்கும் விழிஞத்திலும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை அதன் அறிஞர் கண்டு பிறர்க்கும் கற்பித்தனர். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் அம்முயற்சி வெற்றி பெற்றது. தொட்டியிலே பிறந்த மீனை வாங்கினால் கடலுக்கு இழப்பில்லை. அம்மீனும் கண்ணாடிச் சுவருக்குப் பழகியது. விற்பவரிடம் “இது கடலில் பிடித்ததா, வளர்த்ததா?” என்று கேட்டு வாங்குக. இறாலுக்கு அவ்வாறு வளர்த்தது எமக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் ‘நாவிதர்’ போனபின் மற்றொன்றை வாங்காதிருக்கிறோம். கடலிலிருந்து ஓர் உயிரை எடுத்து வந்து எம் அவசரத்தால் இழந்த பின், அவ்விடம் சிலகாலம் வெறுமையாகவே இருக்கட்டும் என்று பிள்ளைகளே கூறினர்.

அன்பர்களே! கடலைப் பெயர்த்துக்கொண்டு வர யாராலும் இயலாது. 190 லிட்டர் உப்புநீரைக் கெடாமல் காக்கலாம். அதற்கு நாள்தோறும் சிறிது அழுக்கை நீக்கவேண்டும். அவ்வளவே. பிறந்த மண்ணை விட்டு வந்து இங்கே தமிழைப் பேணும் நமக்கு இவ்வேலை புதிதன்று. சங்கம் நடத்துவதும் ஏறக்குறைய இத்தகையதே என்று தலைவர் அவர்கள் புன்னகை செய்வது தெரிகிறது. திருகை அரைச்சுற்று மூடிவிட்டுப் போகும் செயற்குழு உறுப்பினர் எச்சங்கத்திலும் ஒருவர் இருப்பார்.

இன்று மாலை விழா முடிந்தபின் படிப்பகத்துக்கு வருக. கிண்ணத்தைக் கழற்றிக் கழுவும் நாள் இன்று. பிள்ளைகள் செய்து காட்டுவார்கள். நாட்குறிப்பையும் புரட்டிப் பாருங்கள். கடந்த நாற்பது நாளாகத் திருகைத் தொட்டவர் பெயர் அதில் இல்லை. இரண்டு மீன்களும் நலம்.